நிற்கும்போது நின்றுவிடுகிறது

தமிழில் ‘நில்’ என்னும் வினை, வண்டிகளைப் பொறுத்தவரை இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. சிக்னலில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் வண்டியும் நிற்கிறது. எஞ்சின் அணைந்துபோன வண்டியும் நிற்கிறது. “சிக்னல்ல நிக்கும்போது நின்னுடுதுங்க” என்றால் கேட்பவர் எவருக்கும் குழப்பம் வருவதில்லை. 2024ஆம் ஆண்டில் மூன்று மாதங்கள் நான் இந்த ஒரு வாக்கியத்தையே மூன்று பட்டறைகளில் சொன்னேன். இலக்கணப்படி அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதில் இருந்திருக்க வேண்டிய ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாததால் நேர்ந்தவற்றை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கார் 2013இல் வாங்கியது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட சிறிய பெட்ரோல் கார். பதினோரு ஆண்டுகளில் பெரிய தொல்லை எதையும் தந்ததில்லை. 2024 ஜூன் மாதத்தில் ஒருநாள், கல்லூரி முடிந்து வரும்போது, நாமக்கல் சேலம் சாலையில் ஒரு சிக்னலில் காத்திருந்தேன். இருக்கை மெல்ல நடுங்கியது. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் 800க்கும் 500க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு மாறியதும் கிளம்பினேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் எஞ்சின் அணைந்தே விட்டது. நாமக்கல் லாரிகளின் ஊர். என் பின்னால் நின்ற லாரியின் ஹார்ன் சத்தத்தில் சாவியை இரண்டு முறை தவறாகத் திருகினேன்.

பட்டறைகளில் ‘ஐட்லிங்’ என்று சொல்லப்படும் நிலையைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததில்லை. எதையும் இழுக்காமல், தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கு மட்டும் போதுமான பெட்ரோலை எரித்துக்கொண்டு எஞ்சின் காத்திருக்கும் நிலை அது. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 1,600 முறை பெட்ரோல் பற்றிக்கொள்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 27 முறை. சாலையில் 3,000 சுற்றில் ஓடும்போது அதுவே விநாடிக்கு 100 முறை. வேகத்தில் ஒன்றிரண்டு தவறினாலும் சுழல்கிற சக்கரத்தின் உந்துதல் அதை மறைத்துவிடும். ஐட்லிங்கில் மறைக்க எதுவும் இல்லை. அதனால் எந்தச் சிறிய குறையும் அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது. பிளக் தேய்ந்திருந்தாலும் நடுங்கும்; திராட்டில் வாயில் கரி படிந்திருந்தாலும் நடுங்கும்; இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலும், எங்காவது காற்று கசிந்தாலும் அதே நடுக்கம்தான். இருமல் ஒன்று, நோய்கள் பல.

முதல் பட்டறையில் ஒரு இளைஞர் இருந்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். எஞ்சின் கொஞ்சமும் பிசிறில்லாமல் ஓடியது. “வண்டி நல்லாத்தானே சார் இருக்கு” என்றார். நான் விடவில்லை. நடுக்கத்தை விவரித்தேன். அவர் நான்கு பிளக்குகளையும் மாற்றி, திராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்துக் கொடுத்தார். 2,300 ரூபாய். கழற்றிய பிளக்குகள் உண்மையிலேயே தேய்ந்திருந்தன. கரியும் உண்மையிலேயே இருந்தது. பதினோரு ஆண்டு ஓடிய வண்டியில் எதைக் கழற்றினாலும் அது தேய்ந்துதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான்கு நாட்கள் எந்தத் தொல்லையும் இல்லை. ஐந்தாம் நாள் அதே சிக்னலில் வண்டி நின்றது.

இரண்டாவது பட்டறை பெரியது. ஸ்கேனர் கருவி வைத்திருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் அதைச் செருகியதும் திரையில் ‘பி0171’ என்று வந்தது. எஞ்சினில் எரியும் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றோடு ஒப்பிடப் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பதுதான் முழுதாய் எரிவதற்கான அளவு. புகைபோகும் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். கலவை மெலிந்தால் வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கும். கூட்டக்கூடிய எல்லை வரை கூட்டியும் சரியாகாவிட்டால் இந்தக் குறியீட்டைப் பதிந்துவைக்கும்.

“பெட்ரோல் பத்தல சார்” என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், “பம்ப் வீக்கா இருக்குமோ?” என்று எடுத்தும் கொடுத்தேன். அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். பம்புக்கு 6,500 ரூபாய், ஆக்ஸிஜன் சென்சாருக்கு 4,200 ரூபாய். குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்கள். கலவை மெலிந்திருக்கிறது என்ற செய்திக்கு இரண்டு பொருள் கொள்ள முடியும்: பெட்ரோல் குறைந்திருக்கலாம், அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ கூடியிருக்கலாம். வகுப்பில் ஒரு தொடருக்கு இரண்டு உரை சொல்லி, எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒரு மணி நேரம் விவாதிக்கிறவன் நான். இங்கே முதலில் கிடைத்த உரையோடு பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அம்மா அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னது இந்தக் காலத்தில்தான். அம்மாவுக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. மூட்டுவலியால் பின்னிருக்கையில் ஏற முடியாது. என் பக்கத்தில் முன்னிருக்கையில்தான் உட்காருவார். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்ற ஒரு நாள், “கண்ணு, உன் காலுக்கடியில உஸ்ஸுன்னு என்னமோ சத்தம் வருது” என்றார். ஏசி சத்தம் என்றேன். “ஏசி சத்தம் எனக்குத் தெரியாதா? இது காத்து எறங்குற சத்தம்” என்றார். நான் ஏசியை நிறுத்திக் காட்டினேன். வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது; சத்தம் எதுவும் கேட்கவில்லை. “இப்ப இல்ல” என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். பேச்சு முடிந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகி வருகிறது என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னேன்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு கொல்லிமலைக்குப் போய் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு வர வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் விருப்பம். 2024 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். புதுப் பம்ப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு முறை சிக்னலில் நடுங்கியது உண்மை. ஆனால் நிற்கவில்லை. நடுங்கியதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. பத்தாயிரத்துக்கு மேல் செலவழித்த பிறகு சரியாகவில்லை என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்; அது என்னிடம் இல்லை.

காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் ஒரு குறையும் வைக்கவில்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று வழியெல்லாம் அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனேன். கோயிலில் நின்று நிதானமாகக் கும்பிட்டுவிட்டு, பிற்பகலில் இறங்கினோம். சரிவில் கியரில் இறங்கும்வரை சக்கரங்களே எஞ்சினையும் சேர்த்துச் சுழற்றும், அது அணையாது. பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் கீழிருந்து பேருந்து ஏறி வருவதைப் பார்த்து, கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். எஞ்சின் இரண்டு முறை உதறிவிட்டு அணைந்தது. ஸ்டீயரிங் கனத்தது. பிரேக்கை விட்டு மறுபடி மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. கட்டையை மிதிப்பதுபோல இருந்தது. வண்டி தடுப்புச் சுவரை நோக்கி மெல்ல உருண்டது. இரண்டு கால்களாலும் பெடலை அழுத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “என்ன சார்?” என்றார். “ஆஃப் ஆயிருச்சுங்க” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த பிரசாதத் தூக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து, முதல் கியரில், கிளட்சைத் தொடாமல் மீதி வளைவுகளை இறங்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அடிவாரத்தில் தேநீர்க் கடையில் கிளாஸைப் பிடித்தபோது என் கை நடுங்கியது.

பெடல் கட்டையாகிப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அதை ஒரு செய்தியாகவே நான் கருதவில்லை. பயத்தில் கால் மரத்துப்போயிருக்கும், அதனால் அப்படித் தோன்றியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லி அடக்கிவிட்டேன்.

மூன்றாவது பட்டறையைச் சொன்னவர் எங்கள் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர். திருச்செங்கோடு சாலையில், வேப்பமரத்தடியில், தகரக் கூரை போட்ட சிறிய இடம். அதை நடத்தும் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். லாரிப் பட்டறைகளில் தொழில் பழகி, பிறகு கார்களுக்கு வந்தவர். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன்.

“சிக்னல்ல நிக்கும்போது நின்னுடுதுங்க.”

“சரிங்க. எப்ப நிக்காம இருக்குதுங்க?”

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு வாசல் கதவைத் திறக்கப் போவேன். திரும்பி வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும். ரயில்வே கேட்டில் ஒருமுறை ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பட்டறைகளிலும் மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், அணையவில்லை.

“ரயில்வே கேட்டுல நிக்கும்போது நிக்கல. சிக்னல்ல நிக்கும்போது நின்னுடுது. அப்படித்தானுங்களே?” என்றார். என் வாக்கியத்தை அவர் திருப்பிச் சொன்னபோதுதான் அதில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. எஞ்சினுக்குச் சிக்னல் எது, ரயில்வே கேட் எது என்று எப்படித் தெரியும்?

“நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றார். நகரத்துக்குள் போய் மூன்று சிக்னல்களைக் கடந்து வந்தோம். அவர் சாலையையும் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது சிக்னலில் நடுக்கம் தொடங்கியதும், “கால எடுங்க” என்றார். எடுத்தேன். நடுக்கம் நின்றது. “மிதிங்க.” மிதித்தேன். முள் இறங்கியது. “எடுங்க.” ஏறியது.

சிக்னலில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே காத்திருப்பேன். அது என் பழக்கம். ரயில்வே கேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுவேன். பட்டறைகளில் வண்டி ஓடும்போது பெடலில் யார் காலும் இருக்காது. அவர்கள் எடுத்துச் சென்று ஓட்டிப் பார்த்ததோ காலியான புறவழிச் சாலையில். அங்கே ஒரு நிமிடம் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்க என்ன தேவை? என் வாக்கியத்தில் இல்லாமல்போன சொல் ‘பிரேக்’.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. பெரியவர் அவசரப்படவில்லை. “பிரேக்க மிதிச்சா பின்னால லைட்டும்தான் எரியுது. அதுல ஷார்ட் இருந்தாலும் இழுக்கும்” என்று பிரேக் விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். நடுக்கம் அப்படியே இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். “நல்ல வண்டின்னா இப்பப் பெடல் கொஞ்சம் உள்ள எறங்கோணும்” என்றார். இறங்கவில்லை. அப்போதுதான் மலையில் பெடல் கட்டையானதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “இத மொதல்லயே சொல்றதில்லீங்களா?” என்றார். குரலில் கோபம் இல்லை.

கடைசியாக, எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய குறடால் நெரித்துப் பிடித்தார். “மிதிங்க.” மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது. எஞ்சின் கொஞ்சமும் நடுங்காமல் ஓடியது. குறடை விட்டார், நடுங்கியது. பிடித்தார், நின்றது. இதை ஐந்து முறை செய்தார். “இப்பச் சொல்லலாமுங்க. பூஸ்டர்ல டயாபிரம் கிழிஞ்சிருக்குது” என்றார்.

பிரேக் பூஸ்டர் என்பது பெடலுக்கும் பிரேக் எண்ணெய்ச் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் தட்டையான இரும்புப் பானை. உள்ளே ஒரு ரப்பர் திரை அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கிறது. ஆனால் திராட்டில் வாய் ஏறத்தாழ மூடியிருக்கிறது. அதனால் அதற்குப் பின்னால் உள்ள மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் குழாய் வழியாகப் பூஸ்டர் கடன் வாங்குகிறது. கால் பெடலில் இல்லாதபோது இரண்டு அறைகளிலும் வெற்றிடம். மிதித்ததும், ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. அந்தக் காற்று திரையைத் தள்ளுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரையின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ என்று கணக்கிட்டால் 188 கிலோ அழுத்தம். நம் பாதத்தின் பின்னால் இரண்டு மூன்று ஆட்கள் சேர்ந்து நின்று தள்ளுவதற்குச் சமம். இத்தனை ஆண்டுகளும் வண்டியை நிறுத்தியது என் கால்தான் என்று நினைத்திருந்தேன்.

திரையில் கிழிசல் இருந்தால், கால் பெடலில் இல்லாதவரை அது தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் வெற்றிடம்தானே. மிதித்த கணத்தில் காற்று கிழிசல் வழியாக மறுபுறம் போய், குழாய் வழியாக மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. என் காரில் காற்றை அளக்கும் சென்சார், வடிகட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. அதைத் தாண்டிப் பின்வாசல் வழியாக நுழையும் இந்தக் காற்று எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கலவை மெலிகிறது, ஐட்லிங்கில் எஞ்சின் எடுக்கும் காற்றே குறைவு என்பதால் சிறிய கசிவும் அதைத் திணறடிக்கிறது. எஞ்சின் அணைந்தால் புதிய வெற்றிடம் இல்லை. பழுதில்லாத பூஸ்டரானால் சேர்த்துவைத்திருக்கும் வெற்றிடம் இன்னும் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும். கிழிந்ததில் அதுவும் இல்லை. எஞ்சின் நிற்பதற்கும் பெடல் கட்டையாவதற்கும் காரணம் ஒன்றுதான். அவற்றை இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகளாக்கி, ஒன்றை எஞ்சினின் மீதும் மற்றதை என் பயத்தின் மீதும் போட்டது நான்.

“கிட்ட வந்து கேளுங்க” என்றார் பெரியவர். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அவர் கையால் அழுத்தினார். நான் கார்க் கதவருகே மண்டியிட்டு, தலையை ஸ்டீயரிங்குக்குக் கீழே நுழைத்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். காலுக்கடியில். காற்று இறங்குகிற சத்தம்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. இருபது ஆண்டுகளாக அதை வகுப்பில் நடத்துகிறேன். நோயின் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதை விரிவாகப் பேசுவேன். அதற்கு முந்தைய படியான நோயைக் கண்டறிதல் என்பதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவேன். நோய் இன்னதென்பது கண்ணெதிரே தெரிகிற விஷயம்தானே, காரணம்தானே கண்டுபிடிக்க வேண்டியது என்பது என் எண்ணம். அப்படியல்ல. என் காரின் நோய் ‘சிக்னலில் நிற்பது’ அல்ல. ‘பிரேக்கை மிதித்திருக்கும்போது நடுங்குவது’. நோயையே தவறாகச் சொன்ன பிறகு, அதற்குக் காரணம் தேடியவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? முதல் இரண்டு மெக்கானிக்குகளும் நான் சொன்ன வாக்கியத்துக்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

இதை நான் கற்றிருக்க வேண்டிய இடம் வேறொன்று இருந்தது. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். காற்று நிற்கவில்லை என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் “பஞ்சர்” என்றுதான் சொல்வார்கள். அப்பா அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளமாட்டார். முதலில் காற்றடித்துவிட்டு, விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைப்பார். குமிழி வந்தால் வால்வு டியூபை மாற்றி அனுப்பிவிடுவார். டயரைக் கழற்ற வேண்டிய வேலை இல்லை. குமிழி வராவிட்டால்தான் டியூப் வெளியே வரும். தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிச் சுற்றிக்கொண்டே வருவார். ஓட்டை தெரிந்ததும் காப்பியிங் பென்சிலால் வட்டம் போடுவார். ஆனால் அங்கே நிறுத்தமாட்டார். “ஒரு ஓட்டை கெடச்சுதுன்னா இன்னொண்ணு இல்லைன்னு அர்த்தமில்ல” என்று மிச்ச டியூபையும் முழுச் சுற்று சுற்றுவார். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கடையில் உட்கார்ந்தவர் அம்மா. எத்தனை டியூப்களில் காற்று இறங்கும் சத்தத்தை அந்தக் காதுகள் கேட்டிருக்கும்! நான் அந்தக் கடையின் மூலையில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் படி, இந்தக் கடை உனக்கு வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். நான் படித்தேன்.

புதிய பூஸ்டர் 4,800 ரூபாய், கூலி 1,200. பழையதைப் பெரியவர் வைஸில் பிடித்து, விளிம்பை உளியால் நிமிர்த்திப் பிரித்துக் காட்டினார். உள்ளே வலுவான ஸ்பிரிங் இருக்கிறது, நீங்கள் முயல வேண்டாம் என்று எச்சரித்தார். திரையின் மடிப்பை ஒட்டி ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல். வெயிலும் வயதும் சேர்ந்து ரப்பரை வறளச் செய்திருந்தன. அந்தத் திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திரையை அவர் கையில் கொடுத்தேன். “நீ சொன்ன சத்தம் இதுலிருந்துதாம்மா வந்துச்சு” என்றேன். ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்குரிய முகத்தோடுதான் நின்றிருந்தேன். அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. ரப்பரை இரண்டு கைகளாலும் விரித்து, விரலால் தடவிக்கொண்டே வந்து, கிழிசலில் நிறுத்தினார். விரல் அங்கே தங்கவில்லை. மிச்சத்தையும் தடவி ஒரு சுற்று முடித்தது.

“வேற எங்கயும் காத்து எறங்கலியான்னு பாத்தாங்களா?” என்று கேட்டார்.

நான் கேட்டிருக்கவில்லை. உள்ளே போய்ப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசினேன். “பாத்துட்டனுங்க சார். பூஸ்டருக்கு வர்ற குழாயிலயே ஒரு நுனி வெடிச்சிருந்துச்சு. அப்பவே மாத்திட்டேன். சின்னக் குழாய், பில்லுல எழுதல” என்றார்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். “தொழில் தெரிஞ்ச ஆளு” என்றார்.

அக்டோபரில் மறுபடி கொல்லிமலைக்குப் போனோம். நான் வற்புறுத்தவில்லை, அம்மாவே கேட்டார். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, தலையைச் சற்று என் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். அடிவாரத்துக்கு வந்ததும், “சத்தம் இல்ல கண்ணு” என்றார். “சரிம்மா” என்றேன். அன்று தேநீர்க் கடையில் என் கை நடுங்கவில்லை.